பாழ் பார்க்கப் போதல்

காசில்லாதவர்களுக்கும் சனி ஞாயிறு வரத்தான் செய்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் வால்தம்ஸ்டோவில், ஹோ வீதிக்குப் பின்புறமாக, இரண்டு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. வெள்ளி இரவு வேலை முடித்துச் சனி காலையில் வீடு திரும்பினால் பிள்ளைகள் இருவரும் உடுத்து வெளிக்கிட்டு வாசலில் நிற்பார்கள். திங்கட்கிழமைகளில் வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, சனி ஞாயிறு என்ன செய்தாய் என்று கேட்பாராம். சந்தைக்குப் போனேன் என்று எத்தனை திங்கள் சொல்வது? வால்தம்ஸ்டோ சந்தை நீளமானதுதான். ஆனாலும் அதற்கும் ஒரு முடிவு இருக்கிறது.

பாரிசுக்குப் பக்கத்தில் 1992இல் டிஸ்னிலாண்ட் திறந்துவிட்டிருந்தார்கள். பத்திரிகையில் வரும் துண்டுகளை வெட்டிச் சேர்த்தால் ஒரு பவுணுக்குக் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய் வரலாம் என்று வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த ஒரு பவுண் பெரிதல்ல. எங்களிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதில் பிரெஞ்சு விசா குத்துவிக்க வேலைக்கு லீவு போட்டு வரிசையில் நிற்கவேண்டும். ஆகவே எங்கள் உல்லாசப் பயணங்களுக்கு இந்தத் தீவின் கரைதான் எல்லை. பத்துப் பவுண் பெற்றோல், புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், பிளாஸ்கில் தேத்தண்ணி. இவற்றோடு போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பக்கூடிய இடமாக இருக்கவேண்டும். வாசலில் ரிக்கற் கேட்காத இடமாக இருக்கவேண்டும்.

அப்படித்தான் டன்ஜெனெஸ்ஸைக் கண்டுபிடித்தோம். தேம்ஸ் நதியை டார்ட்போர்டில் கடந்து, கென்ற் மாநிலத்தின் தெற்கு மூலைக்கு, மோட்டர்வேயும் சின்னத் தெருக்களுமாக இரண்டு மணித்தியால ஓட்டம். இங்கிலாந்தின் ஒரே பாலைவனம் என்று அதைச் சொல்வார்கள். வானிலை அவதானிகள் அதை ஒத்துக்கொள்வதில்லை. அங்கே பாலைவனத்துக்குரியதைவிட அதிகம் மழை பெய்கிறது என்பது அவர்கள் வாதம். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வாதம் எடுபடாது. கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், மைல் கணக்கில் பரந்த கூழாங்கல் வெளி. மரம் இல்லை. அந்த வெளியின் முனையில் இரண்டு அணு மின்நிலையங்கள். கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள் உக்கிக் கிடக்கும். துருப்பிடித்த சங்கிலிகள், அறுந்த வலைகள், தார் பூசிய கறுப்பு மரவீடுகள். சில வீடுகள் உண்மையில் பழைய ரயில் பெட்டிகள். 1920களில் ரயில்வே ஊழியர்கள் கழித்த பெட்டிகளை வாங்கி இழுத்துவந்து போட்டு வீடாக்கிக்கொண்டவை.

முதல் தடவை காரைவிட்டு இறங்கியதும் மகன் நாற்புறமும் பார்த்தான்.

"அப்பா, இஞ்சை ஒண்டுமில்லையே."

"ஒண்டுமில்லாததைப் பாக்கத்தான் வந்தனாங்கள்" என்றேன். பகிடியாகச் சொன்னது. பிறகு அந்தப் பதிலை நான் பலமுறை யோசிக்கவேண்டி வந்தது.

ஒன்றுமில்லாத அந்த இடத்தில் நாள் முழுவதும் பார்க்க இருந்தது. 1904இல் கட்டிய பழைய வெளிச்சவீடு ஒன்று. அணு மின்நிலையம் எழும்பி அதன் ஒளியை மறைத்ததால் 1961இல் கட்டிய புதிய வெளிச்சவீடு இன்னொன்று. 1927இல் தொடங்கி அடுத்த ஆண்டு டன்ஜெனெஸ் வரை நீட்டிய பொம்மை ரயில், பதினைந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் உண்மையான நீராவி விட்டுக்கொண்டு வரும். ஏறினால் நால்வருக்குக் காசு. ஆகவே கைகாட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். கடல் ஒரு பக்கத்துக் கற்களை அரித்து மறுபக்கம் கொண்டுபோய்க் குவிக்கும். மின்நிலையத்தைக் காப்பதற்காக லொறிகள் அந்தக் கற்களை அள்ளித் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டும். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் அதில் என் இரவு வேலையைப் பார்த்தேன்.

சற்றுத் தொலைவில், தண்ணீர் நிரம்பிய கல்லகழ் குழிகளுக்கு நடுவே, மூன்று கொங்கிறீற் காதுகள் நிற்கின்றன. 1928க்கும் 1930க்கும் இடையில் கட்டியவை. எதிரி விமானம் கடலுக்கு மேலே வரும் ஒலியை முன்கூட்டியே கேட்பதற்கான சுவர்கள். மிகப் பெரியது இருநூறு அடி நீளம். சில வருடங்களில் ராடர் வந்தது, காதுகள் பயனற்றுப் போயின. பிள்ளைகளுக்கு அது பெரிய சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990இல் எங்கள் ஊரில் ஒவ்வொரு குழந்தையும் அப்படி ஒரு காதாக இருந்தது. வருவது அவ்ரோவா, சியாமாசெட்டியா, ஹெலியா என்று ஒலியை வைத்தே சொல்லிவிட்டுப் பங்கருக்குள் குதிக்கும். இதை அன்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அங்கே இன்னொன்றும் இருந்தது. டெரிக் ஜார்மன் என்ற திரைப்படக்காரர் எயிட்ஸ் நோயோடு தன் கடைசி வருடங்களைக் கழித்த வீடு. கறுப்புச் சுவர், மஞ்சள் ஜன்னல். அவர் 1994இல் இறந்துவிட்டார். கற்களுக்கிடையில் அவர் வளர்த்த தோட்டம் மட்டும் பூத்துக்கொண்டிருந்தது. கடல் ஒதுக்கிய மரக்குற்றிகளையும் ஓட்டைக் கற்களையும் நட்டுவைத்த தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு வேலி இல்லை. அந்த ஊரில் யார் வீட்டுக்குமே வேலி இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கே வீதி முடிகிறது, எங்கே ஒருவருடைய முற்றம் தொடங்குகிறது என்று தெரியாது. கிடுகு வேலிக்கும் கதியாலுக்கும் வழக்குப் பேசிக் காணியை விற்ற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பெரிய அதிசயம். இவர்கள் பெரிய மனசுக்காரர்கள் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் ஒரு வீட்டின் ஜன்னலைக் காட்டினாள். உள்ளே எட்டிப் பார்க்கவேண்டாம், இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருந்தது.

"மனசு பெரிசில்லை. வேலியை எங்களட்டை விட்டிருக்கினம்" என்றாள்.

எனக்கு டன்ஜெனெஸ் பிடித்ததற்குக் காரணம் அது மலிவு என்பது மட்டுமல்ல. அது எனக்கு மணல்காட்டை நினைவூட்டியது. வடமராட்சி கிழக்கில், குடத்தனைக்கு அப்பால், கடலோரமாக மணல் மலைகள் எழும்பி நிற்கும் மணல்காடு. எழுபதுகளில் நாங்கள் பெடியள் ஏழெட்டுப்பேர் பருத்தித்துறைப் பக்கமிருந்து சைக்கிளில் டபுள்ஸ் போவோம். யாழ்ப்பாணத்துப் பாலைவனம் என்று எங்களுக்குள் பெயர். அங்கே மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் உண்டு. அவற்றில் ஏறி இருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்போம். வெறும் கோயில் சுவரும் மணலும் காற்றும். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய உல்லாசம் தெரியாது.

ஒருநாள், நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்:

"தம்பியவை என்ன பாக்க வந்தனியள்?"

"கோயிலைப் பாக்க."

"கோயில் மண்ணுக்கை போட்டுது. நாங்கள் மேலைதான் இருக்கிறம்." சிறிது நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்களும் ஒருநாள் உங்கட ஊர் பாக்க வந்தால் விடுவியளே?"

நாங்கள் சிரித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் வீடுகளில் அவரைப் போன்றவர்கள் மீனோடு வந்து படலைக்கு வெளியே நின்று விற்றுவிட்டுப் போவார்கள். கிணற்றில் அள்ளவும் முடியாது, விறாந்தையில் இருக்கவும் முடியாது. அவருடைய ஊருக்குள் நாங்கள் கேட்காமல் நுழையலாம், அவருடைய கோயிலின் சுவரில் ஏறி இருக்கலாம். அவரது பாழ் எங்களுக்குக் காட்சி. எங்கள் வேலி அவருக்கு வேலி.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது, பாதிக்கப்பட்ட இடங்களில் மணல்காடும் ஒன்று. வால்தம்ஸ்டோவில் இருந்து அந்தப் பெயரைக் கேட்டபோது முதலில் அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய பெயரை நாங்கள் கேட்டிருக்கவேயில்லை.

2012 யூலையில் மகளோடு ஊருக்குப் போனேன். அவள் நாட்டைவிட்டு வரும்போது ஆறு வயது, அப்போது இருபத்தேழு. ஏ-9 வீதியால் வான் வடக்கே போய்க்கொண்டிருந்தது. கிளிநொச்சியில், 2009 தை மாதம் அந்த நகர் இராணுவத்திடம் போவதற்கு முன் வீழ்த்தப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி, கவிழ்ந்த கோப்பை மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை, ஒரு நினைவுப்பொருள் கடை. தெற்கிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக இறங்கித் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அங்கிருந்து முல்லைத்தீவுக்குப் போவார்கள். கரைதட்டிக் கிடந்த பாரா-3 என்ற கப்பலைப் பார்ப்பார்கள். புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைப் பார்ப்பார்கள். அந்த வீட்டை 2013இல் இராணுவமே குண்டு வைத்துத் தகர்த்தது. நாங்கள் போன அந்த யூலையில் மெனிக் பாம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. செப்ரெம்பரில்தான் மூடினார்கள். அப்போதும் கேப்பாப்புலவுக்காரர் தங்கள் காணிகளுக்குத் திரும்பவில்லை. காணிகள் இராணுவத்திடம் இருந்தன. சொந்தக்காரர் போகமுடியாத மண்ணைப் பார்க்க மற்றவர்கள் கட்டுச்சோற்றோடு வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பு நடுங்கியது. வானுக்குள்ளேயே இருந்து சத்தமாக ஏசினேன். "வெக்கமில்லாத சனம். செத்தவீட்டைப் பாக்கச் சுற்றுலா வருகுது" என்றேன். மகள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஆனையிறவு தாண்டிய பிறகு கேட்டாள்:

"அப்பா, நாங்களும் டன்ஜெனெஸ்ஸில இதைத்தானே செய்தனாங்கள்?"

அன்று நான் அவளுக்குச் சொன்ன பதில்கள் எதுவும் நிற்கவில்லை. அவற்றை இங்கே ஒழுங்காக வைத்துப் பார்க்கிறேன்.

முதற் பதில், நாங்கள் வென்றவர்களாகப் போகவில்லை, அவர்கள் வெற்றியைக் கொண்டாட வந்தார்கள் என்பது. சிலர் அப்படி வந்திருக்கலாம். ஆனால் தாங்கிக்கருகே நாங்கள் இறங்கியபோது, பஸ் நிழலில் தனியே இருந்த ஒரு வயதான சிங்களப் பெண்மணிக்கு மகள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்திருந்தாள். வான் சாரதி மொழிபெயர்த்தார். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்து 2008இல் இந்தப் பக்கம் எங்கோ செத்துப்போனானாம். எந்த இடம் என்று தெரியாது. ஊர்ச் சனம் காசு சேர்த்துப் பஸ் பிடித்ததால் தானும் வந்தாராம். வீதியோரத்தில் சோறு சமைத்து, பஸ்ஸுக்குள்ளேயே படுத்தெழும்பி வருகிற பயணம். எங்கள் புட்டுப் பொதியிலிருந்து அது எவ்வளவு தூரம்? அவர் வந்ததில் பிழை காண என்னால் முடியவில்லை. கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்துவிட்டு 2011இல் அந்த இடத்தில் இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். அங்கே பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அந்த மண்ணில் கால்வைக்க முடியாது. அந்தக் கொடுமைக்குப் பஸ் நிழலில் இருந்த தாய் பொறுப்பல்ல. இரண்டு தாய்மாரில் ஒருத்திக்கு மட்டும் வீதியைத் திறந்துவிட்டவர்கள்தான் பொறுப்பு.

இரண்டாவது பதில், டன்ஜெனெஸ் யாருடைய துயரமும் அல்ல, வெறும் கல்லும் கடலும் என்பது. இதுவும் பொய். ஒரு வள்ளம் கரையில் உக்குகிறது என்றால் ஒரு குடும்பம் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் நிறுத்தித்தான் என் பிள்ளைகளைப் படம் எடுத்தேன். நோயாளி ஒருவர் சாவை எதிர்பார்த்துக்கொண்டு கல்லில் பூ வளர்த்த முற்றத்தில்தான் தேத்தண்ணி குடித்தோம். ஒன்றுமில்லை என்று மகன் சொன்னதும் சரியல்ல. பிரித்தானியாவில் உள்ள தாவர வகைகளில் மூன்றிலொரு பங்கு, அறுநூறு வகை, அந்தக் கற்களுக்கிடையில் முளைக்கிறது என்கிறார்கள் தாவரவியலாளர். பாழ் என்பது பெரும்பாலும் வந்துபோகிறவன் வைக்கிற பெயர். இருக்கிறவனுக்கு அது ஊர்.

மூன்றாவது, பலகையைப் பற்றியது. கிளிநொச்சிப் பலகை, தாங்கியை வீழ்த்தியவர்கள் பயங்கரவாதிகள் என்றது. விடுதலைப் புலிகள் பின்வாங்கியபோது அதை வீழ்த்தினார்கள் என்பதே எல்லோரும் சொன்னது. எங்கள் பெயரால் போரிட்டவர்கள் எங்கள் சனத்தின் குடிதண்ணீரைக் கவிழ்த்தார்கள் என்றால் அதை மறைக்க நான் எதற்கு? ஆனால் அந்தப் பலகையில் அந்த ஒரு உண்மைக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எங்கே போனார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த நான்கு மாதங்களில் முள்ளிவாய்க்காலுக்குள் முடிந்தார்கள் என்பதற்கு அதில் இடம் இருக்கவில்லை. டன்ஜெனெஸ் ஜன்னலில் இருந்த மட்டைத்துண்டை அந்த வீட்டில் குடியிருந்தவர் தன் கையால் எழுதியிருந்தார். எட்டிப் பார்க்காதே என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. கிளிநொச்சியில் அந்த மட்டையை யாரால் ஒட்டியிருக்க முடியும்?

இந்த வேறுபாடு உண்மையானது. ஆயினும் இது பலகை வைத்த அதிகாரத்தைக் குற்றம் சாட்டுகிறதே ஒழிய, பார்க்கப் போன என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொல்வது மணல்காட்டு முதியவரின் கேள்விதான். நாங்கள் உங்கட ஊர் பாக்க வந்தால் விடுவியளே?

பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோலை நான் இன்னும் காணவில்லை. மகிழ்ச்சியாகப் பார்த்தாயா, துக்கத்தோடு பார்த்தாயா என்று அது கேட்கவில்லை. மகிழ்ச்சி குற்றமல்ல. உழைத்துக் களைத்த குடும்பம் ஒன்று வெறும் வெளியில் ஒரு நாள் மூச்சுவிடுவதை நான் குறைசொல்லமாட்டேன். நீ வந்த வழியால் அவன் உன்னிடம் வரமுடியுமா என்று மட்டுமே அது கேட்கிறது. 2012இல் தெற்கிலிருந்து பஸ்கள் வடக்கே வந்தன. அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன், 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களை அதிகாலையில் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. ஒரே வீதி, ஒரே மாதிரி பஸ். ஒன்று காட்சி காட்டக் கூட்டிப்போனது, மற்றது துரத்தியது.

அந்த அளவுகோலை என்மீதே வைத்தால் மணல்காட்டில் நான் தோற்றுப்போகிறேன். டன்ஜெனெஸ்ஸில் தொண்ணூறுகளில் தப்பிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த மரவீட்டுக்காரர் விரும்பினால் வால்தம்ஸ்டோச் சந்தைக்கு வந்து என்னைப் பார்க்கலாம். உண்மையில் அவரால் போகக்கூடிய பல இடங்களுக்குத்தான் எனக்குப் போகமுடியாது. தெளிவான நாட்களில் அங்கிருந்து பிரான்சின் கரை ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள். விசா இல்லாதவனாக அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டு கற்களில் நின்றிருக்கிறேன்.

இப்போது என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. 2022 கோடையில், மகளும் பேத்தியுமாக மறுபடியும் டன்ஜெனெஸ்ஸுக்குப் போனோம். மின்நிலையங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஒன்று 2006இல், மற்றது 2018இலிருந்து மின்சாரம் தராமல் இருந்து 2021இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஜார்மனின் வீட்டை 2020இல் மூன்றரை மில்லியன் பவுண் சேர்த்துப் பாதுகாத்திருக்கிறார்கள். வள்ளங்கள் இன்னும் கொஞ்சம் உக்கியிருந்தன. நீர்க்கரையில் ஏழெட்டு உயிர்காப்பு அங்கிகள் ஈரத்தோடு கிடந்தன. ஒன்று மிகச் சிறியது. எங்களைப் போல உலாவ வந்த சிலர் அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், விடியப்புறம் ஒரு றப்பர் படகு வந்தது, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்.

முந்தைய வருடம் அப்படிச் சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து வந்தவர்கள் 28,000க்கு மேல். அந்த வருடம் நவம்பர் 24ஆம் திகதி ஒரே படகில் குறைந்தது 27 பேர் செத்தார்கள். நான் ஒரு பவுண் கப்பலில் போக ஆசைப்பட்ட அதே தண்ணீர்.

பேத்தி அந்தச் சின்ன அங்கியை எடுத்துத் தனக்கு அளவாக இருக்குமா என்று பிடித்துப் பார்த்தாள். அளவாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடங்களுக்கு முன் ஆனையிறவில் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இந்தமுறை வீதி எங்கள் பக்கம் திறந்திருந்தது. அந்த அங்கியைக் கழற்றிப் போட்ட பிள்ளைக்கு அது எந்தப் பக்கம் திறக்குமென்று யாருக்குத் தெரியும்?

அவள் கேள்விக்கு அன்று சொல்லத் தவறிய பதில் இதுதான்: ஓம், இதைத்தான் செய்தோம். அதற்காகப் போகாமல் விட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிளிநொச்சியில் பஸ்ஸில் வந்தவர்களைப் பார்த்து நான் ஏசிய ஏச்சில் ஒரு பங்கு என்னுடையது என்பதை ஏற்றுக்கொண்டுதான் இனி எவரையும் ஏசலாம். பார்க்கப் போகிறவன் தன் வேலியைத் தானே கொண்டுபோகவேண்டும். காரின் கதவைத் திறக்கமுன் பிள்ளைக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும்: இது யாருடைய ஊர், இங்கே வரமுடியாமல் இருப்பவர் யார். சனிக்கிழமை அதனால் கொஞ்சம் கெடும். கெடட்டும்.

பேத்திக்குச் சொன்னேன். அவ்ரோவையும் சியாமாசெட்டியையும், கொங்கிறீற் காதுகளையும், மணல்காட்டுக் கிழவரையும், அந்த அங்கியைப் போட்டிருந்த பிள்ளையையும் பற்றித் தெரிந்த அளவில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். தூண்டில்காரர் ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்தார். நாங்கள் நால்வருமாக அங்கிகளைப் பொறுக்கிப் பையில் போட்டோம். சின்னதை அவளே மடித்து வைத்தாள். பிறகு காற்றுக்கு ஒதுக்கமாகக் காருக்குப் பின்னால் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

வால்தம்ஸ்டோவிலிருந்து என்றேன். ஒருநாள் எங்கள் பக்கமும் வாருங்கள் என்றேன்.